காரணப்பெயரும் இடுகுறியும்: ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக்கொண்டவர் தமிழிலக்கண ஆசிரியர். மரம், மண் என்பன காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய குறிகள். பறப்பது பறவை, அணிவது அணி எனக் காரணம் பற்றி வருவன மற்றையவை. மொழியின் தோற்றத்தை ஆராய்வதற்கு நன்னூலாரின் இப்பாகுபாடு எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு விடயம். ஆனால் ஒரு பெயருக்குக் காரணம் இருந்ததா, இருந்த காரணம் இப்பொழுதும் இருக்கின்றதா, அது ஒழிந்த பின்னும் அப்பெயர் எதன்பொருட்டு நிலைக்கின்றது என்னும் வினாக்களை எழுப்புவதற்கு அது கூர்மையான கருவியாகும். இலக்கண நூலார் எதிர்பாராத ஓரிடத்தில் அக்கருவியைப் பிரயோகித்துப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த கவனத்தோடும் பெருஞ்செலவோடும் இடப்பட்ட பெயர்களுள் ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயர்கள் ஒரு தனி வகையாக அமைந்துள்ளன.

ஸ்போர்ட்ஸ் காரின் பயன்பாடு மிகக் குறுகியது. பெரும்பாலும் இருவர் அமர்வதற்கு இடம்; பொதி வைப்பதற்குச் சிறு பொந்து; பெரும்பாலான நாடுகளின் வீதிச் சட்டம் அனுமதியாத வேகம். லொறிக்கோ பஸ்ஸுக்கோ பெயர் அத்துணை முக்கியமன்று. அவை ஏற்றும் சுமையும் ஓடும் தூரமுமே அவற்றுக்காகப் பேசும். தேவையைக் கடந்த பண்டமோ தன்னை நியாயப்படுத்தக் கதையொன்றை வேண்டிநிற்கின்றது. அக்கதையின் மிகச் சுருங்கிய வடிவமே பெயர். இதனை விளம்பரக்காரரின் தந்திரம் என்று ஒரே தொடரில் ஒதுக்கிவிடும் விமரிசனப் போக்கும் உண்டு. அது பிழையென்று சொல்வதற்கில்லை, ஆயினும் போதாது. பொறியியலாளர், பந்தய விதிகளை வகுத்தோர், உரிமை கோரி மறித்தோர், பத்திரிகையாளர், கண்காட்சி பார்க்க வந்த பொதுமக்கள் ஆகிய பலரும் இப்பெயர்களை இட்டிருக்கின்றனர். விற்பனையாளர் பல சமயங்களில் அவற்றைப் பின்னரே கைப்பற்றினர். அவ்வாறு கைப்பற்றப்பட்ட விதமே ஆராய்தற்குரியது.

தொடக்கத்திலேயே ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். 1901இல் தென்பிரான்சின் நீஸ் நகரப் போட்டிகளில் மற்றைய வண்டிகளையெல்லாம் பழையனவாக்கிவிட்ட டைம்லர் கார், அதனைத் தயாரித்தவரின் பெயரையோ எந்திரத்தின் பெயரையோ தாங்கவில்லை. அதனைக் கட்டளையிட்டு வாங்கிய வணிகர் எமில் ஜெலினெக்கின் மகளுடைய பெயரைத் தாங்கியது. மெர்சிடிஸ் என்ற அச்சிறுமிக்கு அப்போது வயது பதினொன்று. பெயர் அத்துணை செல்வாக்குப் பெற்றமையால் 1903இல் தந்தையும் தம் குடும்பப்பெயரோடு மகளின் பெயரை இணைத்துக்கொண்டார். பண்டம் மனிதரிடமிருந்து பெயரைப் பெற்று, பின்னர் அதனை மனிதருக்கே திருப்பி வழங்கியது என இந்நிகழ்ச்சியைக் கொள்ளலாம்.

ஆயினும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பொற்காலப் பெயர்கள் எண்களே. இத்தாலியின் மரனெல்லோவில் 1947இல் வெளிவந்த முதலாவது ஃபெராரி ‘125 எஸ்’ எனப்பட்டது. பன்னிரண்டு சிலிண்டர்களுள் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 125 கன சென்ரிமீற்றர் என்பதே அதன் பொருள். பன்னிரண்டாற் பெருக்கினால் எந்திரத்தின் ஒன்றரை லீற்றர் கிடைக்கும். அவ்வாறே 166 என்பது இரண்டு லீற்றர். 250 என்பது மூன்று லீற்றர். ‘ஃபெராரி ஓட்டினான்’ என்பதிற் செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆவதால் அது கருத்தாவாகுபெயர். 125 என்பது முகத்தலளவை ஆகுபெயர். 1960களில் ஃபோட் நிறுவனம் லே மான் பந்தயத்தில் ஃபெராரியை வெல்வதற்காகவே அமைத்த ‘ஜீ.ரீ. 40’ நிலத்திலிருந்து நாற்பது அங்குல உயரமே உடையது. ஆகவே அது நீட்டலளவை ஆகுபெயர். 1948இல் ஜாகுவார் வெளியிட்ட ‘எக்ஸ்.கே. 120’ மணிக்கு 120 மைல் ஓடும் என்று பெயராலேயே வாக்களித்தது. வேகத்துக்கு நன்னூலார் அளவையாகுபெயர்களுள் இடம் வைக்கவில்லை. அவர் காலத்தில் வேகத்தை அளந்து விற்றார் இலர். அவ்வாக்கை ஐயுற்றோர்முன் 1949இல் பெல்ஜியத்தின் யப்பேக்கே நெடுஞ்சாலையில் அக்கார் 132 மைலுக்கு மேல் ஓடிக்காட்டியது. சொன்னதைவிடக் கூடுதலாகச் செய்த பெயர்கள் இத்துறையில் அதிகமில்லை.

இவ்வெண்களுக்கு ஓர் அறம் உண்டு. அவை எந்திரத்தை அறிந்தவனை நோக்கிப் பேசுகின்றன. அவன் விரும்பினால் அளந்து சரிபார்க்கலாம். பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான உறவை வாசகன் சோதிக்க முடியுமாயின், அப்பெயர் அவனை மதிக்கின்றது எனலாம். ஆனால் இவ்வுறவு நெடுங்காலம் நீடிக்கவில்லை. பின்வந்த ஃபெராரிகளில் 512 என்பது ஐந்து லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர் என்றாயிற்று. 1987இல் வந்த ‘எஃப் 40’ நிறுவனத்தின் நாற்பது ஆண்டுகளைக் குறித்தது. 458 என்பது நாலரை லீற்றர், எட்டுச் சிலிண்டர். அதன் பின்வந்த 488இல் மீண்டும் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. 812இல் எண்ணூறு குதிரைவலுவும் பன்னிரண்டு சிலிண்டரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை ஒவ்வொரு முறையும் மாறுகின்றது. வாங்குபவனுக்கு விளக்கவுரை இல்லாமல் எண் விளங்காது. உரையாசிரியர் இன்றி விளங்காத நூல் தன் வாசகரை இழந்துவிட்டது என்பதை இலக்கிய மாணவருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

அமெரிக்கரான கரோல் ஷெல்பி இதனை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டவர் எனலாம். 1965இல் மஸ்டாங்கை அடிப்படையாகக் கொண்டு அவர் அமைத்த காருக்குப் பெயர் தேடிக் கூட்டங்கள் நீண்டுகொண்டே போயின. பட்டறைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டார். ஒருவர் நடந்து பார்த்து ஏறக்குறைய 350 என்றார். காரின் பெயர் ‘ஜீ.ரீ. 350’ ஆயிற்று. கார் நன்றாக இருந்தால் பெயர் ஒரு பொருட்டன்று, கார் மோசமானால் பெயர் காப்பாற்றாது என்பது அவரது நிலைப்பாடு. அளவையாகுபெயரின் வேடம் பூண்ட தூய இடுகுறி இது. ஆயினும் அந்த எண்ணை எந்திரத்தின் ஏதோ ஓர் அளவென்றே பலர் கருதியிருப்பர். எண்ணுக்கு உண்மையின் தோற்றம் இயல்பாகவே வாய்த்துவிடுகின்றது.

எண் சட்டத்தின்முன் பொய் சொன்ன கதை இன்னும் சுவையானது. 1962இல் ஃபெராரி வெளியிட்ட ‘250 ஜீ.ரீ.ஓ.’வில் உள்ள மூன்றெழுத்துகள் ‘கிரான் துரிஸ்மோ ஒமொலொகாற்றா’ என்பதன் சுருக்கம். நெடும்பயணக் காராக அங்கீகரிக்கப்பட்டது என்பது பொருள். அவ்வகுப்பிற் போட்டியிடுவதற்கு நூறு கார்கள் தயாரிக்கப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. தயாரிக்கப்பட்டவையோ 36. பழைய மாதிரியொன்றின் திருத்திய வடிவமே இது என்ற வாதத்தின் பேரில் அங்கீகாரம் கிடைத்தது. விதியை முழுவதும் நிறைவேற்றாத ஒரு வண்டி, விதியால் ஏற்கப்பட்டது என்பதையே பெயராகச் சூடிக்கொண்டது! அடுத்து வந்த ‘250 எல்.எம்.’ விடயத்தில் இது மேலும் வெளிப்படையானது. முதல் வண்டியைத் தவிர்த்து ஏனையவற்றின் எந்திரம் 3.3 லீற்றராகையால், ஃபெராரியின் சொந்த இலக்கணப்படி அது 275 எனப்பட்டிருத்தல் வேண்டும். பழைய மாதிரியின் தொடர்ச்சி என்று காட்டும்பொருட்டு 250 என்ற எண்ணே விடப்பட்டது. இம்முறை அதிகாரிகள் ஏற்கவில்லை. 1964இல் அங்கீகாரம் மறுக்கப்பட்டது. எண்ணோ பொய்யாகவே எஞ்சியது.

இதற்கிடையில் அந்த மூன்றெழுத்துகள் அத்திலாந்திக்கைக் கடந்துவிட்டன. 1964க்கான பொண்டியாக் கார்களில், ‘டெம்பெஸ்ற் லே மான்’ என்னும் நடுத்தர மாதிரியொன்றிற் பெரிய எந்திரத்தைப் பொருத்தி, அதற்கு ஜீ.ரீ.ஓ. என்று பெயரிட்டார் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டெலோரியன். லே மான் பந்தயத்தில் ஓடாத லே மான். யாராலும் அங்கீகரிக்கப்படாத ஒமொலொகாற்றா. ஃபெராரி அன்பர் சிலர் கொதித்தெழுந்தனராயினும், வாங்கிய இளைஞருள் அவ்வெழுத்துகளின் விரிவைக் கேட்டவர் சிலரே. காரணம் முற்றாக உதிர்ந்து ஒலி மாத்திரம் எஞ்சிய கட்டம் இது. அந்த ஒலியே விலைபோயிற்று.

போர்ஷேயின் எண்கள் பிறிதொரு வகையின. ஸ்ருட்காட்டில் பேர்டினாண்ட் போர்ஷே 1930இன் இறுதியிற் பொறியியல் அலுவலகம் தொடங்கியபோது, ஏற்ற வேலைகளுக்கு வரிசை எண் இடப்பட்டது. முதல் வேலைக்கே ஏழு என்று எண் கொடுத்தமை, அனுபவமில்லாத அலுவலகம் என்று வாடிக்கையாளர் எண்ணாதிருக்கவே என்பர். 1948இல் ஒஸ்திரியாவின் குமுண்டில் உருவான முதலாவது போர்ஷே கார் அவ்வரிசையில் 356. அடுத்து 1963இல் பிராங்க்பேட் கண்காட்சியில் வைக்கப்பட்ட புதிய கார் 901 ஆயிற்று. வேலை வரிசை அவ்வளவு தூரம் வந்துவிடவில்லை. வொக்ஸ்வாகனோடு கூட்டுறவு நோக்கியிருந்தமையால், அந்நிறுவனத்தின் உதிரிப்பாக எண்முறையில் வெற்றிடமாயிருந்த தொளாயிரங்கள் தெரிந்துகொள்ளப்பட்டன. பிரான்சில் நடுவில் பூச்சியம் அமைந்த மூவிலக்கப் பெயர்கள் தமக்குரியவை என்று பெஜோ நிறுவனம் 1964இல் உரிமை கோரியது. 1929இன் 201 முதல் அது அவ்வாறே பெயரிட்டு வந்தது. பூச்சியத்துக்குப் பதில் ஒன்று இடப்பட்டது. 901 என்ற பெயரில் அதற்குள் தயாரிக்கப்பட்டவை 82 கார்கள். இன்று உலகெங்கும் வழிபாட்டுக்குரிய எண்போல மதிக்கப்படும் 911, ஓர் உதிரிப்பாகப் பட்டியலும் ஓர் உரிமைக் கோரிக்கையும் கூடிப் பெற்ற பிள்ளை. அதற்குப் பின்னால் எந்த அளவையும் இல்லை. அறுபது ஆண்டுக்கும் மேலாக வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் மாறியும் எண் மாறவில்லை. உட்பொருள் இல்லாமையே அதன் நீண்ட ஆயுளுக்குத் துணைசெய்தது என்று கருத இடமுண்டு. உண்மையைச் சொல்லும் எண் உண்மை மாறும்போது மாறியாக வேண்டும். எதுவும் சொல்லாத எண்ணுக்கு அந்த இக்கட்டு இல்லை.

அதே காரின் பின்புறத்தில் எழுதப்படும் மற்றைப் பெயர் அத்துணை வெறுமையானதன்று. ‘கரேரா’ என்பது ஸ்பானியத்திற் பந்தயம். மெக்சிக்கோவில் பான் அமெரிக்க நெடுஞ்சாலையின் பகுதி நிறைவெய்தியதைக் கொண்டாட 1950இல் தொடங்கிய ‘கரேரா பனமெரிக்கானா’, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொது வீதியில், மலையும் பாலையும் ஊடறுத்து நடந்தது. போர்ஷேயின் சிறிய கார் 1953இல் தன் வகுப்பில் வென்றது. 1954இல் ஹான்ஸ் ஹேர்மன் பெரிய எந்திரங்களுக்கிடையே மூன்றாவதாக வந்தார். 1955இல் புதிய எந்திரம் பூண்ட 356க்குக் கரேரா என்ற பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டில் அப்பந்தயம் இல்லை. ஐந்து ஆண்டுகளில் ஓட்டுநரும் பார்வையாளருமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபின் அது நிறுத்தப்பட்டுவிட்டது. பந்தயம் இறந்த பின்னரே பெயர் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அது மாத்திரமன்று; 2009இல் வந்த நாலு கதவுக் காரொன்றுக்கும் அதே பந்தயத்தின் மற்றைச் சொல்லிலிருந்து ‘பனமெரா’ என்று பெயர் கிள்ளப்பட்டது.

‘தார்கா’வின் வரலாறும் இதுவே. வின்சென்சோ ஃபுளோரியோ 1906இற் சிசிலியத் தீவின் மலை வீதிகளில் தொடக்கிய ‘தார்கா ஃபுளோரியோ’ பந்தயத்திற் போர்ஷே பதினொரு முறை வென்றது. 1965இல், கழற்றக்கூடிய கூரையும் உறுதியான வளைவும் உடைய மாதிரிக்கு அப்பெயரின் முதற்சொல் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் திறந்த கார்களின் பாதுகாப்பு பற்றி எழுந்த அச்சத்துக்கு விடையாக அமைந்தது அவ்வளைவு. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஒன்றுக்கு, மதிற்சுவர்களுக்கும் கிராமத் திண்ணைகளுக்கும் நடுவே கார்கள் பாய்ந்த பந்தயத்தின் பெயர்! 1977இற் பார்வையாளர் உயிரிழந்த விபத்தோடு அப்பந்தயமும் பழைய வடிவில் ஒழிந்தது. இன்று கழற்றும் கூரையுள்ள எந்தக் காரையும் தார்கா என்று சொல்லும் வழக்கு ஏற்பட்டுவிட்டது. சிறப்புப்பெயர் பொதுப்பெயராகும் இம்மாற்றம் எம்மொழிக்கும் இயல்பே.

இத்தாலியரின் ‘மில்லே மிலியா’வைக் கூறாது இப்பகுதியை முடித்தல் இயலாது. பிரெஷியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் அந்த ஆயிரம் மைல் ஓட்டத்தின் முதலெழுத்துகளை ஃபெராரி தன் 166 எம்.எம்., 250 எம்.எம். ஆகியவற்றுக்குச் சூட்டியது. 1957 மே 12ஆம் நாள் குயிதிற்சோலோ என்னும் ஊருக்கருகே ஸ்பானியப் பிரபு அல்பொன்சோ டி போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் ரயர் வெடித்தது. அவரும், அருகிலிருந்த எட்மண்ட் நெல்சனும், வீதியோரம் நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். என்சோ ஃபெராரி மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்து, அவர் குற்றமற்றவர் என 1961இல் முடிந்தது. அப்பந்தயம் அவ்வடிவில் மீண்டும் நடைபெறவில்லை.

பெயர் நினைவைப் பேணுகின்றது, ஆகவே இவ்வழக்கத்தை வரலாற்றுணர்வு என்று போற்றவேண்டும் என ஒருவர் வாதிக்கலாம். வாதம் கவனிக்கத்தக்கதே. ஆனால் எதனைப் பேணுகின்றது என்பதே கேள்வி. கரேரா என்ற சொல் ஹேர்மனின் மூன்றாமிடத்தை நினைவூட்டும். பள்ளத்தில் வீழ்ந்தவரை நினைவூட்டாது. நாட்டார் பாடல் ஒன்று விபத்தைப் பாடினால் இறந்தவரின் ஊரையும் பெயரையும் சொல்லும். வண்டியின் பெயரோ ஆபத்தின் மணத்தை மட்டும் வடித்தெடுத்து, உடலங்களை வீதியோரத்தில் விட்டுச் செல்கின்றது. சோதனைக்கூடத்திற் பாதுகாப்புச் சான்று பெற்ற, ஆசனப் பட்டியும் காற்றுப் பையும் பொருத்திய வண்டியில் அமர்பவனுக்கு, தன்னால் ஒருபோதும் ஏற்கப்படாத ஆபத்தொன்றில் பெயரளவிற் பங்கு கிடைக்கின்றது. ‘பெயரளவில்’ என்னும் தொடர் இவ்வளவு பொருத்தமாக வேறெங்கும் விழுவது அரிது.

நிறுவனம் இடாத பெயர்களும் உள. 1967இன் டேய்டோனா 24 மணிப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்றிடங்களையும் பெற்றது. மறுவருடம் வெளிவந்த ‘365 ஜீ.ரீ.பீ./4’ என்ற நாவிற் படியாத எண்ணுக்குப் பதிலாகப் பத்திரிகைகள் டேய்டோனா என்றே எழுதின. அல்ஃபா ரொமேயோ நிறுவனம் 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சிக்குப் பெயரில்லாத கார் ஒன்றை அனுப்பியது. பார்த்த மக்கள் அதனை மொன்றியல் என்றனர். 1970இல் விற்பனைக்கு வந்தபோது நிறுவனமும் அப்பெயரையே எழுதிற்று. இவையிரண்டும் உண்மையான இடவாகுபெயர்கள், வழக்கிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு நேர்மை தெரிகின்றது. பார்த்த இடத்தையும் வென்ற இடத்தையும் சொல்லியதற்கு மேல் அவை எதுவும் வேண்டவில்லை.

இனிக் காளைகள். இத்தாலியில் ட்ராக்டர் தயாரித்துச் செல்வம் ஈட்டிய ஃபெருச்சியோ லம்போர்கினி 1916 ஏப்பிரல் 28இற் பிறந்தவர். மேனாட்டுக் கணிப்பில் இடப ராசி. அவருடைய சின்னம் காளை. முதற் கார்கள் 350, 400 என எண்களே பெற்றன. 1966இல் ஜெனீவாவில் அறிமுகமான கார் ‘மியூரா’ எனப்பட்டது. செவில் நகருக்கருகே போர்க்காளைகளை வளர்க்கும் பரம்பரையின் குடிப்பெயர் அது. ‘பீ. 400’ என்ற துணைப்பெயரே எந்திரம் பின்னால் இருப்பதையும் நாலு லீற்றர் என்பதையும் சொன்னது. பழைய காரணப்பெயர் அடிக்குறிப்பாகச் சுருங்கி, உவமையாகுபெயர் தலைப்பிடத்தைக் கைப்பற்றிய கட்டம் இதுவெனலாம்.

1968இல் இரு மாதிரிகள் ஒருங்கே வந்தன. ஒன்று ‘எஸ்பாடா’, காளையைக் கொல்லும் வாள். மற்றையது ‘இஸ்லெரோ’, 1947 ஓகஸ்ட் 28இல் லினாரெஸ் நகரில் ஸ்பெயினின் புகழ்பெற்ற காளைப்போர் வீரர் மனோலெற்றேயைக் குத்திக் கொன்ற காளை. கொன்ற விலங்கும் கொல்லும் கருவியும் ஒரே காட்சிக்கூடத்தில்! இத்தனைக்கும் இஸ்லெரோ அந்நிறுவனத்தின் மிக அடக்கமான தோற்றமுடைய கார்களுள் ஒன்று, கனவான்களுக்கு ஏற்றது. அன்று மாலை மனோலெற்றேயின் வாளால் அக்காளையும் இறந்தது. களத்தில் இறங்கும் காளை அநேகமாகத் தப்புவதில்லை. பெயர் தெரிவாகும்போதோ கொன்ற காளையும் தப்பிய காளையுமே முன்வருகின்றன. 2001இல் வந்த ‘மூர்சியேலகோ’ 1879இற் பல வாட்குத்துகளைத் தாங்கியும் சாகாது உயிர்ப்பிச்சை பெற்ற காளை என்று கூறப்படுகின்றது. அக்கதையை ஐயுறுவோரும் உளர். கதை மெய்யோ பொய்யோ, விற்பனைப் பட்டியலில் அது வரலாறாகிவிட்டது.

ட்ராக்டர் செய்தவர் காளையைத் தெரிந்ததில் ஒரு முரண் உண்டு. அதனை அவரது புகழ் பாடுவோர் எவரும் வற்புறுத்துவதில்லை. ட்ராக்டர் என்பது உழவெருதின் இடத்தை எடுத்துக்கொண்ட எந்திரம். நுகத்தில் நின்ற எருதுக்கு அவரது கார்களில் இடமில்லை; இடம் பெற்றது செல்வர் பார்த்து மகிழக் களத்திற் குருதி சிந்தும் காளை. உழைக்கும் விலங்கு எந்திரமாயிற்று. உழையாத விலங்கு பெயராயிற்று. 1972 முதல் 1974 வரையான காலத்தில் லம்போர்கினி தன் பங்குகளை விற்று விலகினார். நிறுவனம் பின்னர் அமெரிக்கக் கிறைஸ்லரிடமும், 1998இல் ஜேர்மனிய ஓடியிடமும் சென்றது. இடப ராசிக்காரர் போனபின்னும் ‘டியாப்லோ’, ‘கயார்தோ’, ‘அவென்டதோர்’ எனக் காளைகள் தொடர்ந்தன. காரணம் ஆளோடு போயிற்று. மரபு நிறுவனத்தோடு தங்கிற்று. இவ்வரிசையில் விதிவிலக்கான ‘குன்டாச்’ ஒன்றே புத்துணர்ச்சி தருவது. வியப்பு மேலிடும்போது வட இத்தாலியின் பியட்மொன்ற் வழக்கில் வாயினின்று தெறிக்கும் சொல் அது. 1971இற் கண்காட்சிக்கு வந்த அக்காரைப் பற்றிய முதல் விமரிசனமே அதன் பெயராகிவிட்டது.

மசராட்டியின் காற்றுகள் நீண்ட ஆராய்ச்சிக்குரியன அல்ல. மிஸ்ரால், கிப்லி, போரா, கம்சின் எனப் பெயர்கள் அழகாகவே ஒலிக்கின்றன. ஆயினும் ‘கிப்லி’ லிபியப் பாலைவனத்துக் காற்று என்பதையும், இத்தாலி 1911இல் லிபியாமீது படையெடுத்து ஆண்ட காலத்திலே அச்சொல் இத்தாலியப் படைவிமானமொன்றுக்குப் பெயராயிருந்ததையும் நினைவிற் கொள்ளாது அதனை வெறும் இயற்கை வருணனை என்று கொள்ளுதல் பொருந்தாது.

ஆட்பெயர்களில் ஒரு துயரமும் ஒரு பாசமும் உள. என்சோ ஃபெராரியின் மகன் ஆல்பிரேடோ, வீட்டுப்பெயர் டீனோ, தசைநலிவு நோயால் 1956இல் இருபத்துநாலு வயதில் இறந்தார். அவர் பெயரில் வந்த ஆறு சிலிண்டர்க் கார்கள் ‘டீனோ 206’, ‘டீனோ 246’ என்றே வழங்கின. தொடக்கத்தில் ஃபெராரி என்ற பெயர்கூட அவற்றிற் பொறிக்கப்படவில்லை. தந்தையின் பெயரை மகனுக்காக விலக்கி வைத்த அச்செயலில் விற்பனைக் கணக்கும் கலந்திருத்தல் கூடும். எனினும் இத்துறையின் பெயர்களுள் உண்மையான இழப்பொன்றைத் தாங்கி நிற்பது இதுவே. லோட்டஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த ரொமானோ அர்ற்றியோலியின் பேர்த்தி எலிசாவின் பெயரால் 1996இல் ‘எலிஸ்’ விற்பனைக்கு வந்தது. லோட்டஸ் கார்ப் பெயர்கள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் மரபுக்கு அது நன்கு இசைந்தது. ஆகவே மகளும் மகனும் பேர்த்தியும் பெயராகினர். வார்ப்புச்சாலைத் தொழிலாளி எவனும் ஆகவில்லை. பட்டறையின் சாயல் படிந்த பெயர் ஒன்றைத் தேடினால் 1957இன் ‘டெஸ்ரா ரொஸ்ஸா’ அகப்படும். எந்திரத்தின் மேல்மூடிகள் சிவப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தமையால் ‘செந்தலை’. ஒரு தொழிலாளியின் தூரிகை இட்ட பெயர் என அதனைக் கொள்வதில் தவறில்லை.

ஒரே கார் இரு சந்தைகளில் இரு பெயர் பெற்ற நிகழ்ச்சியொன்று எண்களின் நேர்மை பற்றி மேலே கூறியதற்கு ஒரு திருத்தமாகவும் அமையும். நிசான் நிறுவனத் தலைவர் கவமாற்றா, ‘மை பெயர் லேடி’ என்னும் இசை நாடகத்தில் மனம் ஈடுபட்டுத் தம் ஸ்போர்ட்ஸ் காருக்குப் ‘பெயர்லேடி’ என்று பெயர் வைத்தார். அதன் புதிய மாதிரி 1969இல் அமெரிக்கா செல்ல ஆயத்தமானபோது, அங்கு விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த யுற்றாகா கற்றயாமா அப்பெயர்ப் பொறிப்பைக் கழற்றுவித்து, எந்திரத்தின் 2.4 லீற்றரைக் குறிக்கும் ‘240 இசெட்’ என்பதைப் பொருத்துவித்தார். எண் இங்கு உண்மையையே கூறியது. ஆனால் அது வந்தது உண்மைக்காகவன்று. பெண்பெயர் தாங்கிய வேக வண்டியை அமெரிக்க ஆடவர் வாங்கார் என்ற அச்சத்தால். எண்ணும் ஒரு வேடமாகலாம், ஆண்மையின் வேடம்.

பெயர் நீக்கத்துக்கு இதனினும் பாரதூரமான காரணங்களும் இருந்தன. ஜாகுவார் என்பது முதலில் எஸ்.எஸ். கார்ஸ் நிறுவனத்தின் ஒரு மாதிரியின் பெயர். 1945இல் அவ்விரண்டெழுத்துகள் ஐரோப்பாவின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நிறுவனம் தன் பெயரையே விலங்கின் பெயராக மாற்றிக்கொண்டது. ஒலிக்குப் பொருள் கூடிவிடுவதைக் குழுக்கூட்டங்கள் தீர்மானிப்பதில்லை, வரலாறே தீர்மானிக்கின்றது. செவ்ரொலே நிறுவனம் 1966இல் ‘கமாரோ’ என்ற சொல்லை வெளியிட்டு, அது தோழன் என்று பொருள்படும் பிரெஞ்சு வழக்கு என்று விளக்கியது. பொருள் கேட்ட பத்திரிகையாளரிடம், மஸ்டாங்குகளைத் தின்னும் கொடிய சிறு விலங்கு என்று நிறுவனத்தார் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பின்னையதே நிலைத்தது, அதுவே உண்மைக்கு அண்மையானதும்கூட.

காரணம் இருந்தும் ஒன்றையே குறித்து வழங்குவதைக் காரண இடுகுறி என்பர். முள் உடையனவெல்லாம் முள்ளியல்ல என்பது அதற்குக் காட்டும் உதாரணம். போர்ஷே நிறுவனம் 1974இல் 911க்கு வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் காற்றழுத்தியைப் பொருத்தி, அம்மாதிரிக்கு அவ்வுறுப்பின் பெயரையே சூட்டி ‘ரேர்போ’ என்றது. அது பிழையற்ற சினையாகுபெயர். 2015இற் சாதாரணக் கரேராக்களுக்கும் அவ்வுறுப்பு வந்துவிட்டது. ஆனால் அவை ரேர்போ எனப்படவில்லை. 2019இல் அதே நிறுவனம் டைக்கான் என்னும் மின்சாரக் காரை வெளியிட்டது. புகை இல்லை, சிலிண்டர் இல்லை, சுழல்வதற்கு அழுத்தியும் இல்லை. அதன் உயர்ந்த மாதிரிகளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பது: ரேர்போ, ரேர்போ எஸ்.